காற்றாலையின் நிழல்

"எதிர்காத்துல ஓடுறவன் ரெண்டே ரெண்டு விஷயத்தை மறக்கப்படாது. ஒண்ணு, மூச்சு. ரெண்டாவது…" இந்த இடத்தில்தான் மைக் கூவியது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் தலைமையாசிரியர் ஞானசிகாமணி பேசிக்கொண்டிருந்தார். சவுண்ட் சர்வீஸ்காரர் ஓடிப்போய் எதையோ திருகி அந்தக் கூவலை அடக்குவதற்குள் சார் அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டார், பரிசு வாங்க வருகிறவர்கள் தள்ளுமுள்ளு பண்ணக்கூடாது என்று. ரெண்டாவது என்ன? உலகநாதன் அப்போது ஒன்பதாம் வகுப்பு, இப்போது ஐம்பதைத் தொடப் போகிறான், இடையில் எத்தனையோ பேர் எத்தனையோ நல்லதாகச் சொன்னதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டு ஒழுங்காக மறந்தாயிற்று, காதில் விழாமலே போன இந்த ஒன்று மட்டும் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி நாக்கை விடமாட்டேன் என்கிறது. முழங்காலாக இருக்குமோ. பார்வையோ. கையை ஊசலாட விடாதே என்று சொல்லியிருப்பாரோ. சைக்கிள் பெடல் ஒரு சுற்று, மூச்சு, இன்னொரு சுற்று, மூச்சு. மூச்சை மறக்கவில்லை சார். ரெண்டாவதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சாத்தான்குளம் பின்னால் போய் வெகுநேரமாயிற்று, வெயில் முதுகில் கை வைத்ததுபோல் இதமாக விழுந்தது, இரண்டு பக்கமும் செம்மண்ணும் பனையும், அதைத் தாண்டி ஒன்றுமேயில்லை, காற்று எங்கிருந்து புறப்பட்டாலும் தடுத்துக் கேட்க ஓர் ஆளில்லாத வெட்டவெளி. ஆடி மாதத்துக் காற்று. மேற்கே கணவாயில் புகுந்து நேராக இவர்கள் முகத்துக்குத்தான் வருகிறது. வரட்டும். இன்று சாயங்காலம் கன்னியாகுமரி. நடுவில் எது வந்தாலும் கன்னியாகுமரி.

ஒன்பது சைக்கிள்கள் ஒரே வரிசையில், ஒன்றின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் அடுத்ததன் முன்சக்கரம், ராமேஸ்வரத்திலிருந்து இப்படித்தான். முன்னால் போகிறவர் காற்றை உடைப்பார், மற்றவர்கள் அவர் முதுகு மறைவில் வருவார்கள், அவருக்குத் தொடை கழன்றதும் விலகிக் கடைசிக்கு வந்துவிடுவார், அடுத்தவர் முன்னால். முன்னால் இருப்பவருக்குத்தான் சாலை தெரியும், ஆகவே "குழி!" என்று அவர் கத்தினால் அது ஒவ்வொரு வாயாகக் கடைசி ஆள்வரைக்கும் போகவேண்டும். கடைசி ஆளுக்குத்தான் பின்னால் வருவது கேட்கும், ஆகவே "வண்டி!" என்று அவர் கத்தினால் அது ஒவ்வொரு வாயாக முன்னால் வரவேண்டும். வாய் விட்டு வாய். யாராவது ஒருவர் விழுங்கிவிட்டால் அதோடு போயிற்று. குழுவின் தலைவன் பெனட், தூத்துக்குடியில் ஐஸ் ஃபாக்டரி வைத்திருக்கிறவன், புறப்படும்போதே சொல்லிவிட்டான்: "குரலை முழுங்கினா ஒரு தடவைக்கு வார்னிங். ரெண்டாவது தடவைக்கு லக்கேஜ் வேன்ல ஏறிரணும். அண்ணன் தம்பி பார்க்க மாட்டேன்." உலகநாதன் தலையாட்டினான். அவனுடைய வலது காது செத்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது, வண்டிகள் வருவதெல்லாம் வலது பக்கம்தான், தலையாட்டினான். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். தென்மேற்கே போகிற சாலை, முதுகில் காலைச் சூரியன். பின்னால் ஒரு லாரி வந்தால் லாரிக்கு முன்பே அதன் நிழல் வந்துவிடும், கறுப்பு ஜமக்காளத்தைத் தரையில் உருட்டி விரித்ததுபோல வலது ஓரத்தில் நீளும், உடனே அவன் "வண்டி!" என்று கத்துவான், சில சமயம் பின்னாலிருந்து குரல் வருவதற்கும் முந்தியே. "டப்ளின் தம்பிக்குப் பாம்புக் காதுல" என்று அவனுக்கு முன்னால் போகிற அருமைநாயகம் ஒருநாள் சொன்னார். சொல்லட்டும். அந்த வார்த்தையைச் சாப்பாடு மாதிரி அன்று முழுக்க அசைபோட்டான். தன் முறைக்குக் கடைசியில் வரும்போது மட்டும் கழுத்து ஒடியத் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். அதற்கும் நல்ல பெயர்தான், ரொம்ப உஷார் என்று. ஆனால் வெயில் ஏற ஏற நிழல் குறுகும். லாரிக்கு முன்னால் ஓடிவருகிற ஜமக்காளம் பாயாகி, துண்டாகி, கைக்குட்டையாகி, உச்சிக்கு மேல் லாரிக்கு அடியிலேயே சுருண்டு படுத்துவிடும். காலையில் கேட்கிறவன், பகலில் செவிடன். மேகம் மறைத்தால் காலையிலேயே செவிடன்.

காது போனதும் ஒரு காலையில்தான். அயர்லாந்தில், டப்ளின் வீட்டில் கெட்டிலைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான், தண்ணீர் கொதிக்கிற சத்தம் திடீரென்று பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. அவ்வளவுதான். வலி இல்லை, ரத்தம் இல்லை. அந்தக் காதுக்குள் அதற்குப் பிறகு தூரத்தில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல், ராவும் பகலும், யார் வீட்டு மாவோ அரைந்துகொண்டே இருக்கிறது. டாக்டர் சுவரைப் பார்த்துப் பேசினார், திரும்பி வர வாய்ப்பு குறைவு என்றார் என்று மனைவி சிவசெல்விதான் படிக்கட்டில் மறுபடி சொன்னாள். அலுவலகத்தில் நீள மேசையின் வலப்பக்கம் இருந்தவர்கள் மெல்ல மெல்ல இவனிடம் கேள்வி கேட்பதை விட்டார்கள், இவனும் எல்லாரும் சிரித்தபோது சிரித்தான், ஒருநாள் யாரோ இறந்த செய்திக்குச் சிரித்துவிட்டான். அப்புறம்தான் கண்டுபிடித்தான், இங்கிலீஷில் பாதி காதில் விழுந்தால் பாதிதான் இருக்கிறது, தமிழில் பாதி விழுந்தால் மீதி தானாக முளைத்துக்கொள்கிறது. பஸ்ஸில் பக்கத்துக்காரர் "இந்த மழைக்கு…" என்று வாயைத் திறந்தாலே போதும், மற்றதை உதடு எழுதிக்காட்டிவிடும். இதைச் சொல்லிக்கொண்டு யாராவது ஊர் திரும்புவார்களா? அம்மா தனியாக இருக்கிறாள் என்றான், இருபது வருஷம் போதும் என்றான், எல்லாம் உண்மைதான், ஒன்றும் உண்மையில்லை. மகள் பள்ளியை முடித்ததும் சிவசெல்வியும் வந்துவிடுவாள். திருநெல்வேலியில் இந்தச் சைக்கிள் குழுவைப் பார்த்ததும் சேர்ந்ததற்கும் அதுதான் காரணம். காற்றில் போகும்போது எல்லாருக்குமே காது பாதிதான், எல்லாருமே கத்துகிறார்கள், எல்லாருமே "என்ன, என்ன" என்கிறார்கள், செத்த காதின் கிரைண்டரும் காற்று இரைச்சலில் மூழ்கிப் போகிறது. அந்தச் சமத்துவத்துக்காக எத்தனை மைல் வேண்டுமானாலும் மிதிக்கலாம். "அவங்ககிட்ட காதைப் பத்திச் சொல்லிட்டியா?" என்று சிவசெல்வி போனில் கேட்டாள். "சொல்லிட்டேன்." "என்ன சொன்னாங்க?" "பரவால்லன்னாங்க." எவ்வளவு சுளுவாக வந்தது. பொய்க்குக் காது வேண்டியதில்லை, வாய் போதும்.

நேற்று உடன்குடிக்கு முன்னால் மேகம் மறைத்தது. அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் நடக்கவில்லை, மேகம் மறைத்தது, சாலை முழுக்க ஒரே சாம்பல், ஒரு மணல் லாரி அருமைநாயகத்தின் முழங்கையை உரசுகிற மாதிரிப் போயிற்று. பெனட் எல்லாரையும் ஓரங்கட்டினான். குரல் வந்ததா என்று அருமைநாயகத்திடம் கேட்டான், எனக்கு வரலையே என்றார். உலகநாதனிடம் கேட்டான். "வரல" என்றான். வரவில்லைதான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சொல்லலாம், வரவில்லை. ஆனால் வரவில்லை என்பது வேறு, அனுப்பவில்லை என்பது வேறு, பெனட் அந்த இரண்டையும் ஒன்றாக்கி அவனுக்குப் பின்னால் இருந்த இசக்கியம்மாளிடம் போய் நின்றான். "நான் கத்துனேனே பெனட்" என்றாள் அவள். "கத்துனீங்கக்கா, எட்டலை. காத்து அப்படி. இன்னும் சத்தமா கத்தணும். வார்னிங் போட்டுக்கிடுறேன்." அவள் சரியென்று தலையாட்டிவிட்டு அதற்குப்பிறகு நேற்று முழுக்கத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தாள். நாய் குறுக்கே போனால்கூடக் கத்தினாள். ராத்திரி தூங்கப்போகுமுன் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தாள், அதை அவன் பார்த்தான், பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போனான். காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். காலையில் சூரியன் பளிச்சென்று வந்துவிட்டது. நிழல் இருந்தது. நிழல் இருக்கும்போது என்னத்தைச் சொல்வது.

திசையன்விளைக்கு வெளியே டீக்கடையில் நிறுத்தினார்கள். அவன் வழக்கம்போல பெஞ்சின் வலது கோடியைப் பிடித்தான், செத்த பக்கத்தில் யாரும் உட்கார முடியாதபடி. இசக்கியம்மாள் கிளாசோடு வந்து நின்றபடியே பேசினாள், தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவள், எந்த வரிசையையும் நின்றபடியே சமாளிக்கிற பழக்கம். "அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கிடக் கூடாது." அவனுக்கு நெஞ்சு ஒரு பெடல் தவறியது. "ராமேஸ்வரத்துல மொதல் நாளு ஒங்க பக்கத்துல வந்து எந்த ஊரு, என்னன்னு கேட்டேன். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல. சரி, பவுண்டுல சம்பாதிச்ச காது, நம்ம பேச்செல்லாம் ஏறாதுன்னு நெனச்சுக்கிட்டேன்." அருமைநாயகம் டீயைத் துப்பிவிடுகிற மாதிரிச் சிரித்தார். "பவுண்டு இல்ல தாயி, அங்க யூரோ. இன்னும் வெயிட்டு." மின்வாரியத்தில் ஓய்வுபெற்றவர், யார் பேச்சிலும் ஒரு கொக்கி போட்டுத் தொங்குவார். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், இந்தத் தடவை சரியான இடத்தில். "அப்படியெல்லாம் இல்லம்மா, ஏதோ யோசனையில இருந்திருப்பேன்." "அதான் இப்ப தெரிஞ்சுபோச்சே, நல்ல மனுசன்தான்." அவள் தன் கடலைமிட்டாயில் பாதியை ஒடித்து அவனிடம் நீட்டினாள். போன வருஷம் முழங்கால் வீங்கி அவள் நாகர்கோவில் பிரிவில் வேனில் ஏறியவள். வேனில் ஏறியவர்கள் கடலில் முன்சக்கரத்தை நனைக்கக் கூடாது, அதுதான் இந்தக் குழுவின் வழக்கம். மற்றவர்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அலையில் இறங்கும்போது அவர்கள் கரையில் நின்று செருப்புகளுக்குக் காவல் இருக்கவேண்டும். "ஒரு குவியல் செருப்பு அண்ணாச்சி. ஒரு நாய் வேற வந்து ஒண்ணத் தூக்கப் பார்த்துச்சு. இந்த வருஷம் கெளம்பும்போது எங்க வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னுக்கிட்டு என்ன சொல்லுதார், ‘இந்தத் தடவையும் செருப்பு பார்க்கத்தான் போறியா, அதுக்கு நம்ம கோயில் வாசல் போதுமே’ங்கார். நனைச்சிட்டுப் போய் அந்தச் சக்கரத்தக் கழுவாம வீட்டு நடுவுல நிறுத்துதேன் பாருங்க." கடலைமிட்டாய் அவன் வாயில் வெல்லமாகக் கரையாமல் கல்லாகக் கிடந்தது.

இப்போது சொல்லியிருக்கலாம். இல்லை, இப்போது இல்லை, அவளே நல்ல மனுசன் என்று சொன்ன அந்த நிமிஷத்திலா. காற்று ஏறிவிட்டது. தலையைக் குனிந்தான், மூச்சு, பெடல், மூச்சு, ரெண்டாவது என்ன சார். பெனட் முன்னால் உடைத்துக்கொண்டு போனான், அவனுக்குப் பின்னால் அருமைநாயகத்தின் அகன்ற முதுகு, அதற்குப் பின்னால் இவன், இவனுக்குப் பின்னால் அவள். அவள் இருப்பது அவனுக்குக் கேட்காது, தெரியும். தன் நிழலின் தோளில் அவள் நிழலின் தலை ஆடிக்கொண்டு வருகிறது. காலையில் அது அவனுக்கு முன்னால் ஒரு கஜம் ஓடியது, இப்போது ஹேண்டில்பாரைத் தாண்டவில்லை. குறுகுகிறது. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு வழி இருக்கிறது. இதை நேற்றிலிருந்தே பார்த்து வைத்திருக்கிறான், டீக்கடையில் அதைத் தொடாமல் மட்டும் வந்தான், இப்போது தொட்டுப் பார்த்தான். முன்னால் போய்விடுவது. முறை மாறாமல், கன்னியாகுமரி வரைக்கும் நானே காற்றை உடைக்கிறேன் என்று சொல்லிவிடுவது. முன்னால் இருப்பவன் எந்தக் குரலையும் யாருக்கும் கடத்தவேண்டியதில்லை, அவனுக்குக் கண் இருந்தால் போதும், அவனிடத்தில் சங்கிலி அறுவதில்லை, தொடங்குகிறது. செவிடனுக்கென்றே செய்த இடம். யாரும் தடுக்கமாட்டார்கள், இந்தக் காற்றில் முன்னால் போகிறேன் என்பவனைத் தலையில் வைத்து ஆடுவார்கள். தொடை கிழியட்டும், கிழியத் தயார்தான், வலிக்கு அவன் பயந்ததில்லை. யாருக்கும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும், இசக்கியம்மாளுக்கும் ஆபத்தில்லை, எனக்கும் இல்லை. வள்ளல் மாதிரிப் போய்ச் சேரலாம். ராதாபுரம் தாண்டி அடுத்த முறை மாற்றத்தில் சொல்லிவிடலாம். வள்ளல். அந்த வார்த்தையிடம் வந்தபோது ஏதோ உறுத்தியது, அது என்னவென்று பார்ப்பதற்குள் காற்றாலைகள் வந்துவிட்டன.

தூரத்தில் வெள்ளையாகக் குத்திட்டு நின்றவை கிட்ட வந்ததும் பனைகளைக் குட்டிகளாக்கிவிட்டன. ஒவ்வொன்றும் மூன்று கைகளை வீசிக்கொண்டு, அவசரமில்லாமல், ஆனால் நிற்காமல். சில சாலைக்கு ஒட்டியே இடப்பக்கம் நின்றன, அவற்றின் இறக்கை நிழல்கள் செம்மண்ணில் ஓடிவந்து, சாலையில் ஏறி, வரிசையின் மேல் ஒரு தடவை துடைத்துவிட்டு, அந்தப் பக்கம் இறங்கிப்போயின. ஒரு நிழல். இன்னொன்று. இன்னொன்று. முதல் நிழல் வலது ஓரத்தில் வந்தபோது அவன் "வண்டி!" என்று கத்திவிட்டான், ஒன்றும் வரவில்லை. "என்ன தம்பி, காத்தாடியையும் வண்டின்னுட்ட" என்று அருமைநாயகம் தலையை லேசாகத் திருப்பிச் சிரித்தது தெரிந்தது. கூச்சமாகப் போயிற்று. அடுத்த நிழலுக்கு வாயை மூடிக்கொண்டான். அதற்கடுத்ததற்கும். தாளம் பிடிபட்டது, இறக்கை, மூச்சு, இறக்கை, மூச்சு, இப்படி எண்ணிக்கொண்டே போனால் காற்றுகூடத் தெரியவில்லை, சாலையில் ஆளரவமில்லை என்று அருமைநாயகம் பெனட்டின் பக்கத்தில் ஏறிப் போய் என்னவோ கதை சொல்ல ஆரம்பித்தார், இரண்டு பேரும் தோளோடு தோளாக, பெனட் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தான், வலது ஓரத்தில் ஒரு நிழல் வந்தது, இறக்கை, இது கொஞ்சம் தாமதமாக, இது கொஞ்சம் குட்டையாக, இது துடைத்துவிட்டுப் போகாமல் கூடவே. கூடவே வருகிறதே என்று அவன் புரிந்துகொண்ட அந்த நொடியில் ஒரு வெள்ளைக் கார் அவன் வலது முழங்கையைத் தாண்டிவிட்டது. சத்தமேயில்லாமல். சினிமாவில் சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டுகிற மாதிரி. அருமைநாயகம் கடைசி நேரத்தில் ஹேண்டிலை ஒடித்தார், பெனட்டின் சக்கரத்தில் தட்டி, சாலையை விட்டு இறங்கி, செம்மண்ணில் முதலில் தோளும் பிறகு மனிதருமாக உருண்டார். கார் நிற்கவில்லை.

நல்ல காலம், மணல். முழங்கை தேய்ந்திருந்தது, தலைக்கவசத்தில் ஒரு கீறல். அருமைநாயகம் எழுந்து உட்கார்ந்து வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "ஏல பெனட், கதையோட கிளைமாக்ஸை அந்தப் பாவி கெடுத்துட்டான்" என்றார், ஆனால் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருக முடியவில்லை, இசக்கியம்மாள்தான் வாங்கித் திறந்துகொடுத்தாள். பெனட்டின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அருமைநாயகத்தின் மனைவியிடம் அவன் என்ன வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தான் என்று எல்லாருக்கும் தெரியும். "யாரு?" என்றான். "பின்னாலேர்ந்து குரல் வந்துச்சா இல்லையா?" கடைசியில் இருந்தவன் கத்தினேன் என்றான், அதற்கு முன்னவன் கத்தினேன் என்றான், இப்படியே வந்து இசக்கியம்மாளிடம் நின்றது. "கத்துனேன்" என்றாள், குரல் கம்மிப்போய் பாதி காற்றாகத்தான் வந்தது. நேற்றெல்லாம் கத்திய தொண்டை. பெனட் அந்தக் கம்மிய குரலைக் கேட்டான், கேட்டதும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அவன் முகத்திலேயே தெரிந்தது, எவ்வளவு நியாயமாகப் புரிந்துகொண்டான். "அக்கா, இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு நீங்க கத்தி ஒண்ணும் ஆகப்போறதில்ல. தப்பா நெனைக்காதீங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். ஏறிருங்க." பின்னால் வந்துகொண்டிருந்த வேன் ஓரமாக நின்றது, டிரைவர் சாகுல் இறங்கிக் கதவைத் திறந்தான். இசக்கியம்மாள் ஒன்றும் சண்டை போடவில்லை. உலகநாதனைப் பார்த்தாள். "நான் கத்துனேன். ஒங்களுக்குக் கேக்கலையா அண்ணாச்சி?" குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, வழி கேட்கிற மாதிரிக் கேட்டாள். அவன் வாயில் அந்த வார்த்தை தயாராக இருந்தது, நேற்றைய அதே வார்த்தை, உண்மையான வார்த்தை, வரல. அவன் சொல்லாமல் நின்ற அந்த இடைவெளியையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் திரும்பினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள், சாகுல் அதைத் தூக்கி வேனில் படுக்கவைத்தான், முன்சக்கரம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு காற்றில் தானாகச் சுற்றியது.

"நேரமாச்சு" என்றான் பெனட். "அருமை அண்ணாச்சி, நீங்க எனக்குப் பின்னால ஒட்டி வந்தாப் போதும். எனக்கே கால் உதறுது. உலகு அண்ணே, நீங்க முன்னால போறீங்களா? இனிமே மாத்த வேண்டாம், கடைசி வரைக்கும் நீங்களே இழுத்திருங்க. இந்தக் கூட்டத்துல ஒங்களுக்குத்தான் தெம்பு இருக்கு, காதும் இருக்கு." அவனே கேட்டான். கேட்காமலே வந்து கையில் விழுந்தது, செவிடனுக்கென்றே செய்த இடம். யாரோ "டப்ளின் அண்ணன் இழுத்தா நாலு மணிக்கெல்லாம் கடல்" என்றார்கள். இடது காதில் காற்று இரைந்தது, வலது காதில் கிரைண்டர் ஓடியது. மேலே இறக்கைகள். ஒரு நிழல் அவர்களைத் துடைத்துவிட்டுப் போனது. இன்னும் கொஞ்சம்தான், முப்பது மைல்கூட இல்லை, ராமேஸ்வரத்திலிருந்து ஓரிடத்திலும் வேனில் ஏறாமல் மிதித்து வந்த கால்கள், அவை இப்போதும் தயார், இப்போதே தயார், அலை சக்கரத்தில் ஏறுகிற குளிர்ச்சிகூடக் காலில் தெரிந்தது. ரெண்டாவது என்ன சார்? பின்னால் வருகிறவனை மறக்காதே என்று சொன்னீர்களா? அதைச் சொல்லியிருக்கமாட்டீர்கள், ஓட்டப்பந்தயத்தில் யாராவது அப்படிச் சொல்வார்களா, அது நானாக முளைக்கவைத்தது, தமிழில் எனக்கு எதுவும் முளைக்கும். நீங்கள் என்ன சொன்னீர்களோ, அது அந்தக் கூவலோடு போயிற்று. எனக்குக் காதில் விழவில்லை. விழவில்லை என்பதை முதலில் யாரிடமாவது சொல்லிப் பார்க்கவேண்டும். வேனுக்குள் இசக்கியம்மாள் மூட்டைகளுக்கு நடுவே இடம் பண்ணிக்கொண்டு, செருப்பைக் கழற்றித் தட்டி மணலை உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"பெனட்" என்றான். சத்தம் தேவைக்கு மேலேயே வந்தது, எல்லாரும் திரும்பினார்கள். "எனக்கு வலது காது கேக்காது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நேத்து லாரியும் நான்தான், இன்னிக்குக் காரும் நான்தான். அந்தம்மா ரெண்டு தடவையும் கத்தியிருக்காங்க."

யாரோ என்னவோ சொன்னார்கள், வலது பக்கத்திலிருந்து. உலகநாதன் வேனுக்குப் போய் இசக்கியம்மாளின் சைக்கிளை இறக்கி அவளிடம் கொடுத்தான். அது கிடந்த இடத்தில் தன்னுடையதை ஏற்றினான்.